முதியோர் பள்ளியில் கணிப்பொறி



பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்த தமிழர்கள் எழுத்தின் அருமையை ஊரில் இருப்போரைக் காட்டிலும் நன்கு அறிவர். சொந்த ஊரில் எழுத்தில்லாமலே ஒருவர் வாழ்ந்துவிடலாம். உற்றாரும் உறவினரும் கூப்பிடு தூரத்தில் இருப்பர். கொடுக்கல் வாங்கலும் பெரும்பாலும் வாய்ச்சொல்லாலேயே நடந்துவிடும். பிற மாநிலம் புகுந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. பெற்ற தாய்க்கு நலம் தெரிவிக்க வேண்டுமாயினும் பிறர் கையை எதிர்பார்க்க நேர்ந்தது. பம்பாய்ப் பெரிய தபால் நிலையத்தின் அருகே, கூலி பெற்றுக்கொண்டு கடிதம் எழுதித் தருவோர் பல்லாண்டுகளாக அமர்ந்திருந்ததை நம்மில் மூத்தோர் அறிவர். தம் மனத்துயரை அயலார் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லி எழுதுவிப்பதும், என்ன எழுதியிருக்கிறது என்றறியாத தாளில் கைநாட்டு வைப்பதும் எத்தகைய நிலை என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்நிலையை மாற்ற இந்நகரில் நூறாண்டுகளுக்கும் மேலாக முயற்சிகள் நடந்து வந்துள்ளன. அம்முயற்சிகளுக்குத் துணையாக அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது கணிப்பொறி. வயது வந்தோருக்கு எழுத்தறிவிக்கும் வகுப்பில் அப்பொறி எவ்வாறு இடம் பெற்றது, எதனைச் சாதித்தது, எதனைச் சாதிக்க இயலவில்லை என்பவற்றை வரலாற்று முறையில் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மராட்டிய மண்ணில் முதியோர் கல்வியின் வரலாறு இரவுப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது. பகலெல்லாம் உழைப்போர் இரவில் பயில்வதற்கென ஜோதிராவ் புலே 1855-ஆம் ஆண்டில் புனே நகரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 1911-ஆம் ஆண்டில் நாராயண் மல்ஹார் ஜோஷி பம்பாயில் சமூக சேவைக் கழகத்தை நிறுவி, ஆலைத் தொழிலாளர்களுக்காக இரவுப் பள்ளிகளையும் படிப்பகங்களையும் நடத்தினார். அக்காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் தாராவியின் தோல் பதனிடும் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். தாராவியில் முதற் பள்ளியாக 1924-ஆம் ஆண்டில் எழுந்தது ஒரு தமிழ்ப் பள்ளியே என்பது நாம் பெருமையோடு நினைவுகூர வேண்டிய செய்தி. மாதுங்காவில் தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932-இல் தோன்றியது. எனினும் இவை பெரும்பாலும் சிறுவர்களின் கல்விக்கென எழுந்தவை. அச்சிறுவர்களின் பெற்றோர் பலர் எழுத்தறியாதவராகவே இருந்தனர். 1939-ஆம் ஆண்டில், பி. ஜி. கேர் முதலமைச்சராக இருந்தபோது, பம்பாய் நகர முதியோர் கல்விக் குழு அமைக்கப்பட்டு, எழுத்தறிவிக்கும் பணி நகரளாவிய இயக்கமாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் 1951-இல் எடுத்த மக்கட் கணக்கு, நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்தவர் என்று காட்டியது. இத்துணைப் பெரும் பணிக்கு ஆசிரியர் போதார். பள்ளிக் கட்டடங்களும் போதா. ஆகவே, ஒரே காலத்தில் பல்லாயிரவரை எட்டக்கூடிய கருவி எது என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதற்குக் கிடைத்த முதல் விடைகளுள் ஒன்று வானொலியே. 1956-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் துணையுடன், அகில இந்திய வானொலியின் புனே நிலையம், அந்நாளைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 சிற்றூர்களுக்கெனச் சிறப்பு நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. ஊர் மக்கள் கூடியிருந்து கேட்டனர். கேட்டபின் தமக்குள் கலந்து பேசினர். இச்சோதனையில் ஒரு பாடம் கிடைத்தது. கேட்போர் தனித்தனியே இருந்து கேட்பதினும், கூடிக் கேட்டுப் பேசுமிடத்தில் பயன் மிகுதியாக விளைந்தது. கருவி எதுவாயினும் அதனைச் சுற்றி ஒரு கூட்டம் வேண்டும் என்னும் இவ்வுண்மை, பின்னர் கணிப்பொறி வந்தபோதும் பொருந்திற்று.

அடுத்து வந்தவை பேரியக்கங்கள். 1978-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தேசிய முதியோர் கல்வித் திட்டமும், 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கமும் தொடங்கப் பெற்றன. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் பரவியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அவ்வியக்கத்தில் சேர்ந்த பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டனர். தொண்டர்கள் ஊதியம் கருதாது உழைத்தனர். அவர்களுடைய உழைப்பைக் குறைத்து மதிப்பிடுவார் எவரும் இலர்.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு இருந்தது. மூன்று பாடநூல்களைக் கொண்ட அந்நாளைய பயிற்சி முறை ஏறத்தாழ 200 மணி நேரத்தை வேண்டியது. நாளொன்றுக்கு ஒரு மணி, வாரத்தில் ஆறு நாள் என்று கணக்கிட்டால் எட்டு மாதங்கள் ஆகும். வயலில் நடவு உண்டு. வீட்டில் நோய்நொடி உண்டு. நகரமாயின் ஆலையில் இரவு முறை வேலை உண்டு. எட்டு மாதம் இடைவிடாது வகுப்புக்கு வருதல் உழைப்பாளிக்கு அரிது. எழுத்துக்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்து முடித்து, பொருளுள்ள சொல்லொன்றைப் படிக்கும் நாள் வருவதற்கு முன்னரே ஊக்கம் தளர்ந்து நின்றுவிடுவோர் உண்டு. 1991-இல் நூற்றுக்கு 52 ஆக இருந்த எழுத்தறிவு, 2001-இல் 65-ஐ எட்டியது. பத்தாண்டில் பதின்மூன்று என்பது முன்னேற்றமே. ஆயினும் ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாய் அவ்வேகத்தை நம்பிக் காத்திருக்க முடியாது.

இனி, கணிப்பொறியின் வரலாற்றுக்கு வருவோம். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதற் கணிப்பொறிகளுள் ஒன்று, பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் 1960-இல் இயங்கத் தொடங்கிய 'டிஃப்ராக்'. ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்களைக் கொண்ட அப்பொறியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்து, பம்பாயில் வாழ்ந்து பணியாற்றிய தமிழர் அவர். பொறியோடு அவர் நின்றுவிடவில்லை. மனிதன் மொழியை எவ்வாறு பெறுகிறான், எழுத்தறிவு என்பது யாது என்னும் வினாக்களில் பிற்காலத்தில் ஆழ்ந்து ஈடுபட்டு நூல்கள் எழுதினார். எழுத்தின் துணையின்றியே நுண்ணிய சிந்தனை வளரக் கூடும் என்பதற்கு இந்தியாவின் வாய்மொழிக் கல்வி மரபை அவர் சான்றாகக் கொண்டார். எழுத்தறியாதவர் அறிவற்றவர் அல்லர் என்னும் இக்கருத்து முதியோர் கல்விக்கு அடிப்படையானது. வகுப்பில் வந்து அமரும் முதியவர் ஆயிரக்கணக்கான சொற்களை ஏற்கெனவே அறிந்தவர். அச்சொற்களின் எழுத்து வடிவம் ஒன்றே அவருக்குப் புதிது.

கணிப்பொறியைக் கற்பிக்கும் கருவியாகப் பயன்படுத்துவது அமெரிக்காவில் அதே 1960-ஆம் ஆண்டில் தொடங்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் உருவான 'பிளேட்டோ' என்னும் அமைப்பு அத்தகைய பெருமுயற்சிகளுள் முன்னோடி. பின்னர் 'கண்ட்ரோல் டேட்டா' என்னும் நிறுவனம் அதனை எடுத்து நடத்தி, பள்ளிப் படிப்பை இழந்த வயது வந்தோருக்கு வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் பாடங்களை வெளியிட்டது. சிறைச்சாலைகளிலும் பிளேட்டோ பயன்பட்டது. அதே நிறுவனத்தின் பெருங் கணிப்பொறி ஒன்று 1964-இல் நம் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் அது விஞ்ஞானிகளின் கணக்குகளுக்கே பயன்பட்டது. தாராவிக்கும் கொலாபாவுக்கும் இடையே உள்ள தொலைவு சில மைல்களே. கணிப்பொறி எழுத்தறியாதோரை நாடிச் செல்ல மேலும் முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின.

அவ்வழியைத் திறந்தவர் பகீர் சந்த் கோலி. பெஷாவரில் 1924-இல் பிறந்த அவர், கனடாவிலும் அமெரிக்காவிலும் மின்பொறியியல் பயின்று, 1951-இல் பம்பாயில் டாட்டா மின்சார நிறுவனத்தில் சேர்ந்தார். செம்பூரை அடுத்த டிராம்பே அனல்மின் நிலையத்தைக் கட்டி நடத்தியது அந்நிறுவனமே. பின்னர் அவர் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் பொறுப்பேற்று, அதனை உலகறிந்த நிறுவனமாக வளர்த்தார். தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், எழுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில், முதியோர் எழுத்தறிவைத் தம் பணியாக மேற்கொண்டார். கோலி 2020-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் மறைந்தார்.

அவருடைய முயற்சியால் அந்நிறுவனம் வகுத்த 'கணிப்பொறி வழி நடைமுறை எழுத்தறிவு' என்னும் திட்டம், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அந்நாளைய ஆந்திரப் பிரதேசத்தின் மேடக் மாவட்டத்தைச் சேர்ந்த பீரம்குடா என்னும் சிற்றூரில் தொடங்கப்பெற்றது. முதலில் தெலுங்கிலும், பின்னர் தமிழ், இந்தி, மராத்தி, குஜராத்தி, வங்காளம், ஒரியா, உருது முதலிய மொழிகளிலும் பாடங்கள் அமைக்கப்பட்டன. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பாடநூல்களையே அவை அடிப்படையாகக் கொண்டன. அலுவலகங்களில் பயன்பாடு முடிந்து ஒதுக்கப்பட்ட பழைய பொறிகளே இதற்குப் போதுமானவை. ஒரே பொறியின் முன்னே பதினைந்து இருபது பேர் சேர்ந்தமர்ந்து பயிலலாம். ஏறத்தாழ 40 மணி நேரப் பயிற்சியில் ஐந்நூறு சொற்கள் வரை படிக்கவும், நாளிதழின் எளிய பகுதிகளை எழுத்துக்கூட்டி வாசிக்கவும் வல்லவராக்குவதே குறிக்கோள். முன்னர்க் கூறிய கணக்கின்படி இது ஏழு வாரப் பணி. எட்டு மாதம் ஏழு வாரமாகச் சுருங்கியது என்பதே இம்முறையின் முதன்மையான சிறப்பு.

இச்சுருக்கம் எவ்வாறு கைகூடியது? இம்முறை எழுத்திலிருந்து சொல்லுக்குச் செல்லாமல், சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்கிறது. நம் மொழியில் வைத்தே இதனை விளக்குவோம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்துக்கள் 247. இவையனைத்தையும் வரிசையாக எழுதிப் பழகிய பின்னரே படிக்கலாம் என்றால் முதியவர் மலைத்துப்போவார். புதிய முறையிலோ, திரையில் ஒரு மரத்தின் சித்திரம் தோன்றும். 'மரம்' என்ற சொல் எழுதப்படும். பொறி அதனை வாய்விட்டு ஒலிக்கும். அடுத்துப் 'படம்', அதற்கடுத்துப் 'பழம்'. மூன்று சொற்களின் ஈற்றிலும் நிற்கும் புள்ளி வைத்த எழுத்து ஒன்றே என்பதைக் கற்பவரே கண்டுகொள்கிறார். படத்துக்கும் பழத்துக்கும் முதலெழுத்து ஒன்றே என்பதையும் காண்கிறார். கால், கொம்பு முதலிய குறிகள் மீண்டும் மீண்டும் வருவதால், சிலவற்றை அறிந்தவுடன் பலவற்றை ஊகிக்க இயலுகிறது. தெரிந்த சொல்லில் தெரியாத எழுத்து மறைந்திருக்கிறது. அதனைத் தேடிக் கண்டெடுப்பதே பாடம்.

பொறிக்கு இங்கே இரண்டு நற்குணங்கள் உண்டு. ஒரே சொல்லை நூறு முறை கேட்டாலும் சலியாமல் ஒலிக்கும். தவறு செய்தவரைக் கண்டு நகையாடாது. பேரப்பிள்ளைகள் பெற்ற ஒருவர் எழுத்துக்கூட்டுகையில் அடையும் நாணம் சிறிதன்று. அந்நாணத்தைப் பொறி ஓரளவு போக்குகிறது. மேலும், பாடத்தைப் பொறியே நடத்துவதால், பயிற்சி பெற்ற ஆசிரியர்தாம் வேண்டும் என்பதில்லை. ஓரளவு படித்த ஒருவர் அருகிருந்து நடத்தலாம்.

இனி, குறைகளையும் கூறுதல் வேண்டும். இம்முறை வாசிப்பையே முதன்மையாகக் கொண்டது. எழுதுவதற்கும் கணக்குக்கும் வேறு பயிற்சி தேவை. மின்சாரம் நின்றால் வகுப்பும் நின்றுவிடும். ஏழு வாரத்தில் கற்றதை எழுபது வாரம் பயன்படுத்தாவிடில் மறந்துபோகும். ஆகவே வகுப்பு முடிந்ததும் கையில் கொடுக்க எளிய நூல்கள் வேண்டும், படிப்பகம் வேண்டும். தமிழுக்கே உரிய இடர்ப்பாடும் ஒன்றுண்டு. நாம் பேசுவது ஒரு வகை, எழுதுவது மற்றொரு வகை. 'வாழப்பழம்' என்று சொல்லிப் பழகிய நாவுக்கு 'வாழைப்பழம்' என்று எழுதியிருப்பது ஏன் என்பதை எடுத்துச் சொல்ல மனிதர் ஒருவர் வேண்டும். இக்குறைகள் அனைத்தும் ஒன்றையே சுட்டுகின்றன. பொறி காலத்தைச் சுருக்கும். ஆனால் வகுப்புக்கு ஒருவரை அழைத்து வருவதும், இடையில் நின்றவரை வீடு தேடிச் சென்று மீண்டும் கூட்டி வருவதும், கற்றதை வாழ்வோடு பொருத்திக் காட்டுவதும் மனிதராலேயே ஆகும். புனேயில் 1956-இல் வானொலியைச் சுற்றி அமர்ந்த கூட்டம் காட்டியதும் இதுவே.

இவ்வரலாறு மும்பைத் தமிழர்க்கு ஏன் முக்கியமானது என்பதை இனிக் காண்போம். எழுத்தறிவு இயக்கங்கள் மாநில வாரியாகவும் மாவட்ட வாரியாகவும் நடப்பவை. அந்தந்த மாநிலத்தின் மொழியில் பாடநூல் அச்சிடுவர்; அம்மொழி அறிந்த தொண்டரைத் திரட்டுவர். புதுக்கோட்டையில் இருப்பவருக்கு அறிவொளி கிட்டியது. அதே ஊரிலிருந்து மும்பைக்கு வந்தவர் அவ்வேற்பாட்டுக்கு வெளியே நின்றுவிட்டார். மும்பை மாநகராட்சி தமிழ் உட்படப் பல மொழிகளில் சிறுவர் பள்ளிகளை நடத்துவது பாராட்டுக்குரியது. முதியோருக்கோ அத்தகைய வசதி எளிதில் கிட்டுவதில்லை. தாராவிப் பெண்மணி ஒருவர் தமிழ் பேசுவார். கடைத்தெருவில் இந்தியில் பேசிச் சமாளிப்பார். மராத்தியையும் ஓரளவு புரிந்துகொள்வார். மூன்று மொழி பேசும் அவர், அவற்றுள் எந்த எழுத்தையும் அறியாமல் இருக்கக் கூடும். அவர் எந்த எழுத்தை முதலில் கற்க வேண்டும்? தாய்மொழியையே முதலில் கற்பது எளிது என்பதற்குக் காரணத்தை மேலே கண்டோம். அறிந்த சொல்லிலிருந்தே எழுத்து பிறக்கிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றற்கொன்று பொருந்தும் முறையை ஒரு முறை கண்டுகொண்டவர், மராத்திக்கும் இந்திக்கும் பொதுவான தேவநாகரியை அடுத்துக் கற்பது அத்துணைக் கடினமன்று. தமிழ்ப் பாடமும் மராத்திப் பாடமும் ஒரே பொறியில் அடங்கக் கூடும் என்பதால், பிற மாநிலத் தமிழர்க்கு இக்கருவி இரட்டிப்புப் பயன் தரவல்லது.

கையிலிருக்கும் தொலைபேசியே பேசுகிறதே, இனி எழுத்து எதற்கு என்று சிலர் வினவுகின்றனர். எழுத்தறியாதாரையும் கணிப்பொறிச் செய்தி எட்டும் என்பது உண்மையே. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் 1998-இல் தொடங்கிய பணியில், வீராம்பட்டினத்து மீனவர்க்கு அலையின் உயரம் கணிப்பொறி வழியே அறியப்பட்டு ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. கடலுக்குச் செல்வோர்க்கு அது பேருதவி. ஆனால் கேட்டறிவது வேறு. கையெழுத்திடும் தாளில் உள்ளதைத் தாமே படித்தறிவது வேறு.

தாராவி மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்னரே தரைத்தளத்தில் குடியிருந்ததைச் சான்றுகளால் நிறுவுவோர்க்குத் தாராவியிலேயே விலையின்றி வீடு. பின்னர் வந்தோர்க்கும் மேல்மாடியில் குடியிருப்போர்க்கும் வேறு விதிகள். ஒரு குடும்பத்தின் வருங்காலம் பழைய மின்கட்டணச் சீட்டிலும் வாக்காளர் பட்டியலிலும் உள்ள ஒரு நாளையும் ஒரு பெயரையும் பொறுத்திருக்கிறது. அந்நாளையும் பெயரையும் தம் கண்ணால் படித்துச் சரிபார்க்க இயலாதவர், பிறர் சொல்வதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

இந்தியாவில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர் தொகை 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 25 கோடியே 76 லட்சம். அவருள் 16 கோடியே 68 லட்சம் பேர் பெண்கள். நடுவண் அரசு 2017-இல் தொடங்கிய கணிப்பொறி எழுத்தறிவுத் திட்டம் ஒன்று சிற்றூர்க் குடும்பங்களையே கருதியது. நகரத்து ஏழையர் அதில் சேரவில்லை. 2022 முதல் 2027 வரையிலான புதிய எழுத்தறிவுத் திட்டமோ ஊர், நகர் என்னும் வேறுபாடின்றிப் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட யாவர்க்கும் உரியது. எழுத்தும் எண்ணும் அன்றிக் கணிப்பொறி அறிவையும் அது தன் பாடத்தில் சேர்த்துக்கொண்டுள்ளது. கற்பிக்க விரும்புவோர் தொலைபேசி வழியாகவே தொண்டராகப் பதிந்துகொள்ளவும் இடமளிக்கிறது.

நேயர்களே, மாதுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணி முடித்து ஓய்வுபெற்ற தமிழர் பலர் இருக்கின்றனர். கணிப்பொறியை நன்கு அறிந்த இளைஞரும் பலர். தாராவியில் எழுத்துக்காகக் காத்திருக்கும் தாய்மாரும் தந்தைமாரும் இருக்கின்றனர். இவர்களுக்கிடையே உள்ளது புறநகர் ரயிலில் சில நிலையங்களின் தொலைவே. தமிழ்ச் சங்கம் ஒவ்வொன்றும் தன் கூடத்தின் ஒரு மூலையில் பழைய பொறி ஒன்றை வைத்து, மாலையில் ஒரு மணி நேரம் அதனருகே அமர ஒருவரை அனுப்புமாயின், ஏழு வாரத்தில் பதினைந்து பேர் தம் பெயரைத் தாமே படிப்பர். ஓராண்டில் அத்தகைய வகுப்புகள் ஏழு நடத்தலாம். அதாவது, ஒரு மூலையிலிருந்து நூறு பேர். தில்லியிலும் கல்கத்தாவிலும் பெங்களூரிலும் உள்ள நம்மவரும் இதனையே செய்யலாம். பொறி மலிந்துவிட்டது, பாடங்கள் ஆயத்தமாக உள்ளன. அருகே அமரும் ஆளைத் தரவேண்டிய பொறுப்பு நம்முடையது.